வெள்ளைத் தட்டில் விழுந்த பேன்கள்

அக்கா மகளின் நோட்டில் டீச்சர் ஒட்டி அனுப்பியிருந்த துண்டுச் சீட்டை முதலில் படித்தவன் நான்தான். படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தெருக்குழாயில் தண்ணீர் வந்து, பெண்களெல்லாம் குடத்தோடு வரிசையில் நின்ற நேரம் அது. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசுகிறவர் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

“பயணிகள் கவனத்திற்கு! மூணாம் வகுப்பு பி பிரிவுலேர்ந்து பொறப்பட்ட பேனுங்க எங்க அக்கா வூட்டுக்கு வந்து சேந்துடுச்சி. பிள்ளையின் தலையைச் சுத்தம் செய்து அனுப்பவும். இப்படிக்கு, வகுப்பாசிரியை!”

முன் பாரில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவளுக்கு எட்டு வயது. கிள்ளுவதில் இருபது வயது.

“மானத்த வாங்காத மாமா! சைக்கிள எடு மொதல்ல!”

குழாயடியில் ஒரே சிரிப்பு. அதில் ஒரு குரல் மட்டும், “பேன சொல்றதுக்கு முன்னாடி நீ உன் கொண்டைய வெட்டுடா” என்றது. எனக்கு அப்போது முடி தோள் வரைக்கும் இருந்தது. முன்னால் ஒரு கொத்து நெற்றியில் விழும்; அதைத் தலையைச் சிலுப்பிப் பின்னால் தள்ளுவதற்கென்றே ஒரு நாளைக்கு நூறு தடவை தலையை ஆட்டுவேன். “ஆம்பளைக்கு ஏதுக்கா பேனு?” என்று ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதாம் வகுப்பு பாதியில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவர் மேல் ஒருவர் பரிதாபப்பட்டுப் பிரிந்துவிட்டோம். அதன்பிறகு பீங்கான் கம்பெனி. விருத்தாசலத்தில் சும்மா சுற்றுகிற பையனை யாராவது ஒரு கம்பெனிக்காரர் இழுத்துப் போட்டுவிடுவார். எங்கள் கம்பெனியில் முயல், யானை, தலையாட்டாத செட்டியார் என்று பொம்மைகளும், கொஞ்சம் கப்பு சாசரும் செய்தோம். காலையில் அக்கா மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் அவள் ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழகி முடிக்கும்போது எனக்கும் வேலை முடியும், ஏற்றிக்கொண்டு வருவேன். அக்கா வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அதனால் அந்த வீட்டில் அதட்டுவதும் அக்கா, அடிப்பதும் அக்கா, சாமியிடம் பேசுவதும் அக்கா.

சீட்டைப் பார்த்ததும் அக்கா தன் மகளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துச் சடையை அவிழ்த்தாள். இடுப்புவரை வரும் முடி. தெருவிலேயே அந்த நீளம் யாருக்கும் கிடையாது. ஒரு வகிடு எடுத்தாள், இன்னொரு வகிடு எடுத்தாள், அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

“டேய், இது தலையா, எறும்புப் புத்தா?”

“ரெண்டும் இல்லக்கா. சந்த.”

அக்கா சிரிக்கவில்லை. நேராக உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டே உரக்கச் சொன்னாள்: “முருகா, ஆண்டு விழாவுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இந்தப் பேனு போகலன்னா, என் பொண்ணு முடிய உனக்கே குடுத்துடறேன்.”

வேண்டுதல் சொல்லியாகிவிட்டது, காசும் முடிந்தாகிவிட்டது. அதற்கு மேல் அக்காவாலேயே அதை மாற்ற முடியாது. அக்கா மகள் அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கோலாட்டத்தில் எட்டுப் பெண்கள். எட்டுப் பேருக்கும் நீளச் சடை, நுனியில் சிவப்புக் குஞ்சலம். குனிந்து நிமிரும்போது எட்டுக் குஞ்சலமும் ஒன்றாகச் சுற்றுவதுதான் அந்த ஆட்டத்தின் விசேஷம். சடை இல்லாத பிள்ளைக்கு அதில் இடமில்லை.

“மொட்ட அடிச்சிட்டா எனக்கு என்னா வேஷம் மாமா தருவாங்க?”

“பாறாங்கல்லு வேஷம் இருக்குது.”

இப்போது அழுதாள். நன்றாகவே அழுதாள். “சீ, கழுத, அழாத. மூணு வாரம் இருக்குது. ஒரு பேனு வுடாம நான் எடுத்துக் காட்டறேன் பாரு” என்று சொல்லிவிட்டேன். எப்படி எடுப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்திருக்காது.

எங்கள் கம்பெனியில் பொம்மை செய்வது இப்படி. வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, பாயசப் பதத்தில் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். அச்சு தண்ணீரைக் குடிக்கும், களி ஓரத்தில் தோலாகப் பிடிக்கும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும். காயக் காயக் களி சுருங்கி, அச்சை விட்டுத் தானாகக் கழன்று வரும். நாலு வருடம் இதையே பார்த்து என் மூளையும் அந்த அச்சிலேயே வார்த்ததாகிவிட்டது. தலைதான் அச்சு. அதன்மேல் களியைப் பூசினால் காயும், சுருங்கும், பேனையும் ஈரையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொப்பி மாதிரி கழன்று வரும். இதை ஏன் இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

அக்கா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, வேறு எந்தச் சரக்கும் கலக்காத சுத்தக் களியாக ஒரு பக்கெட் கரைத்தேன்.

“வலிக்குமா மாமா?”

“பொம்ம என்னிக்காவது வலிக்குதுன்னு சொல்லியிருக்குதா?”

பூசி முடித்து வெயிலில் உட்காரவைத்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். அரைமணி நேரத்தில் அக்கா மகள் பாதி செய்துவைத்த பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். யாரோ ஒரு பிள்ளை, “அக்கா, செல தும்முமா?” என்று கேட்க, அவள் சிரிக்க, நெற்றியோரம் களி பிளந்தது. பிளந்ததே தவிர, கழலவில்லை. மண்சுவரில் வைக்கோல் மாதிரி முடி அதற்குள் நன்றாகப் பின்னிக்கொண்டுவிட்டது. நான் ஒரு ஓரத்தை லேசாக இழுத்தேன். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அக்கா காய்கறிப் பையோடு வந்து வாசலில் நின்றாள். வெண்டைக்காய் கீழே விழுந்தது.

“எம் பொண்ணு எங்கடா?”

“இதோ இங்கதான் இருக்குது. காயுது.”

ஒன்பது பக்கெட் தண்ணீர். ஊற்றியவன் நான், ஒவ்வொரு பக்கெட்டுக்கும் முதுகில் ஒரு அடி. கடைசியில் தலை தலையாகத் தெரிந்தபோது, காதோரமாக ஒரு பேன் உடம்பெல்லாம் வெள்ளையாக மெதுவாக நடந்து வந்தது. அக்கா மகள் அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது பவுடரு போட்டுக்கினு கல்யாணத்துக்குக் கெளம்புது” என்றாள். அழுத முகத்தோடு அவள் சிரிக்க, அக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு அடி.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதார நர்ஸ் ஒருத்தர் வந்திருந்தார். தலை பார்க்கத்தான் வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் முகத்தைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். அக்கா மகளின் வகிட்டைப் பிரித்தவர் நிமிர்ந்தார்.

“என்னா இது, தலைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்குது?”

அக்கா மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் விரலை நீட்டினாள்.

“நீங்களா? என்னா படிச்சிருக்கீங்க?”

“ஒம்பதாவது பாதிங்க.”

“எந்தப் பாதி?”

“லீவு வுட்ட பாதிங்க.”

அவர் உதட்டோரம் ஒரு நொடி துடித்தது, அவ்வளவுதான். “மண்ணெண்ண ஊத்தாம வுட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம். மண்ணெண்ண, செடிக்கு அடிக்கற மருந்து எதுவும் புள்ளைங்க தலகிட்டவே போகக் கூடாது. தெரியுதா?”

“தெரியுதுங்க. ஆனா இது குதிச்சிக் குதிச்சி வருதே, எப்படிங்க புடிக்கிறது?”

“பேனு குதிக்காது, பறக்காது. தலையும் தலையும் ஒட்டினா நடந்து போகும்.”

“எங்க ஊரு பேனு அவ்ளோ சோம்பேறிங்களா?”

“ஊருக்குத் தகுந்த மாரிதான் இருக்கும்.”

இப்படிச் சரிக்குச் சரி பேசுகிறவர் சொன்னால் எனக்கு மண்டையில் ஏறும். ஏறியது இதுதான். தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து, முடியைச் சின்னச் சின்னப் பிடியாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டைத் தோலில் படும்படி வைத்து நுனிவரைக்கும் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துடைக்க வேண்டும். மருந்து போட்டாலும் ஈர் முழுசாகச் சாகாது, ஏழெட்டு நாளில் பொரிந்துவிடும். அதனால் ஒருநாள் வாரிவிட்டு விட்டுவிடக் கூடாது, மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் விடாமல் வார வேண்டும். சீப்பு, ரிப்பன், தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் போட வேண்டும்.

“அழுக்குத் தலையிலதான் பேனு வரும்னு எந்தப் புள்ளையையும் கேலி பண்ணாதீங்க. குளிச்ச தலைன்னாலும் ஏறும். தெருவுல எல்லாரும் ஒரே நாள்ல வாரணும். ஒரு ஆளு வுட்டுப் போனாலும் மறுபடி மொதல்லேர்ந்துதான்.”

இது எனக்குப் புதுசில்லை. சூளையில் ஈரம் காயாத பொம்மை ஒன்று போய்விட்டால் போதும். அது வெடித்துச் சிதறி, பக்கத்தில் இருக்கிற நாற்பதையும் கெடுக்கும். ஒன்றுகூட விடாமல் தொட்டுப் பார்த்துத்தான் அடுக்குவோம்.

அன்றைக்கே கம்பெனியில், விளிம்பு கோணி ரிஜெக்ட் ஆன வெள்ளைச் சாசர்களைச் சாக்கில் அள்ளினேன். சூப்பர்வைசர் அண்ணன் எதுக்குடா என்றார்.

“பேன் வறுக்கறதுக்குண்ணே.”

“வறுத்துத் தின்னு. எடம் காலியாவட்டும்.”

வெள்ளைச் சாசரில் சீப்பைத் தட்டினால் போதும், கடுகளவு பேன்கூடத் தப்ப முடியாது. வீட்டுக்கு ஒரு சாசர் கொடுத்தேன். எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பத்து வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். கடைசி வீட்டு அக்கா மட்டும், “எங்க வூட்டுல அதெல்லாம் கெடையாது” என்று கதவைச் சாத்திவிட்டார். அதட்டினால் திறக்கமாட்டார் என்று தெரியும். எனவே தெருமுனையில் நின்று அறிவித்தேன்: இன்றைக்கு யார் தலையில் அதிகப் பேனோ, அவர்களுக்குத் தும்பிக்கை ஒட்டவைத்த யானைப் பொம்மை பரிசு.

அஞ்சு நிமிஷத்தில் கடைசி வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் அழுகை. “எனக்கும் பேனு இருக்குதும்மா! நெறைய இருக்குது! எனக்கு யான வேணும்!”

அந்தப் பெண்தான் முதல் நாள் ஜெயித்தாள். நாற்பத்தாறு. யானையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவை இரண்டு முறை சுற்றினாள். அவள் அம்மாவுக்கு வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. “எம் பொண்ணுதான் மொதல்ல” என்று எல்லோரிடமும் சொன்னார்.

இதற்கெல்லாம் தலைமை எங்கள் அண்ணி. சொந்த அண்ணி இல்லை. கம்பெனியில் சூளை பார்க்கிற அண்ணனின் மனைவி, எங்கள் தெருதான். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவர் வேலை. மூன்று மயிர் பிரஷ்ஷால் ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடிக் கண் எழுதுகிறவர். அவர் கண்ணுக்கு எந்த ஈர் தப்பும்? வேலை விட்டு வந்து, வெளிச்சம் போவதற்குள் தெருவில் பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக உட்காருவார்கள். கடைசியில் அண்ணி, அவருக்கு முன்னால் எங்கள் அக்கா, அதற்கு முன்னால் இன்னொருத்தர், இப்படியே கடைசி வீடு வரைக்கும். ஒவ்வொருத்தர் கையிலும் முன்னால் இருப்பவரின் தலை. நான் சாசர்களைக் கழுவிக் கொடுப்பதும், எண்ணிக்கை சொல்வதும், நடுவில் வாங்கிக் கட்டிக்கொள்வதுமாக இருப்பேன்.

“வண்டி விருத்தாசலம் ஜங்ஷன்லேர்ந்து கெளம்புது! பேனு எறங்கறவங்க எறங்கலாம்!”

“மொதல்ல நீ எறங்குடா, எரும! வெளிச்சத்த மறைக்கற!” இது அக்கா.

“கொழுந்தனாரே, இங்க வந்து குந்துங்க, உங்க தலையையும் ஒரு இழுப்பு இழுத்துடறேன்.” இது அண்ணி.

“எனக்கா? ஆம்பளத் தலையில தங்கறதுக்குப் பேனுக்குத் தைரியம் வேணும் அண்ணி.”

எங்கள் தெருவில் அப்போது அக்கா வீட்டில்தான் கலர் டிவி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் அதன் முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடப்பார்கள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்தேன். கட்டத்தைத் தாண்டினால் டிவி அணையும். சடையைச் சுருட்டித் தூக்கிக் கட்டவும் ஏற்பாடு. இரண்டாம் முறை வாரும்போது பாதியாகிவிட்டது. மூன்றாம் முறையில் பொரிந்து வந்த பொடிசுகள் மட்டும். இரண்டு வாரம் முடிந்தபோது பத்து வீட்டுச் சாசர்கள் அச்சிலிருந்து எடுத்த மாதிரி வெள்ளையாக இருந்தன. பரிசு கொடுக்க ஆளில்லாமல் மிச்ச யானைப் பொம்மைகள் என்னிடமே தங்கிவிட்டன.

பதினோராவது சாசர் எங்கள் அக்கா வீட்டுடையது. அதில் மட்டும் ஒன்று. மறுநாள் வாரினால் இரண்டு. அப்புறம் மறுபடி ஒன்று.

அக்கா தலையில் இல்லை. தலையணை உறையை வேகவைத்தாகிவிட்டது. சீப்பைக் கொதிக்கவைத்து ஒரு சீப்பு வளைந்தே போனது. கெடு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு வியாழன். மஞ்சள் துணி சாமி படத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளில் போகும்போது அக்கா மகள் கேட்டாள்:

“மாமா, ஒரு நாளைக்கு மட்டும் குஞ்சலத்தக் காதுல கட்டிக்கினா டீச்சரு வுடுவாங்களா?”

மணிமுத்தாற்றுப் பாலத்து மேட்டில் குனிந்து மிதித்தேன்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் மறுபடி வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பொடிசா, பெருசா?”

“எள்ளாட்டம் பெருசுங்க.”

“அப்ப இது தலையில பொரிஞ்சது இல்ல. புதுசா ஏறி வந்தது. தெனமும் அவ தலையில தல ஒட்டற ஆளு யாரோ வாராம இருக்காங்க. யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். கோலாட்டப் பெண்கள் ஏழு பேரையும் யோசித்தேன். டீச்சரை யோசித்தேன். எதிர்வீட்டு ஆட்டைக்கூட விடவில்லை.

சனிக்கிழமை காலை கம்பெனியில் ஜன்னலோரம் அண்ணி முயல்களுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். முடிந்த பலகையை எடுக்க நான் குனிந்து, வழக்கம்போல முன்முடியைச் சிலுப்பினேன். அவர் முன்னால் இருந்த வெள்ளை முயலுக்கு ஒரு கண்தான் எழுதியிருந்தது. இன்னொரு கண் வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வந்து விழுந்தது. அண்ணி பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். அந்தக் கண் மெதுவாக மூக்கைத் தாண்டி மீசைப் பக்கம் நடந்தது.

அண்ணி முயலைப் பார்த்தார். முயலுக்கு மேலே தொங்கிய என் முடியைப் பார்த்தார். பிரஷ்ஷை வைத்துவிட்டு என் கொத்து முடியைப் பிடித்தார்.

“யாருகிட்டடி பேன் சீப்பு இருக்குது? எடுத்துக்கினு ஓடியாங்க! ஒரு சாசரும்!”

பதினாலு. கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று உரக்க எண்ணினார்கள். சூப்பர்வைசர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “வறுத்துடலாமாடா?” என்றார். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“ஊரு தலையெல்லாம் பாத்தீங்களே கொழுந்தனாரே, பண்ண வச்சிருந்தது நீங்கதானா!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினம் இரண்டு வேளை, பாலத்து மேட்டில் நான் குனிந்து மிதிக்கும்போது என் முன்முடி நேராக அவள் வகிட்டில் விழும். பாலம் முடியும்வரைக்கும் விழுந்தபடியே இருக்கும். பேன்களுக்கு நான்தான் டவுன் பஸ். பதினோரு வீட்டையும் கணக்கு வைத்தவன் என்னை எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். துடைப்பம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றேன். அக்கா துடைப்பத்தை எடுக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப சொல்லி என்னாடா பண்றது? காத்தால வாரினப்பகூட அவ தலையில ஒண்ணு கெடந்துது. பேனு போகலன்னா எம் பொண்ணு முடின்னு சொல்லி முடிஞ்சி வச்சிட்டேனே.”

“எம் முடிய எடுத்துக்கக்கா. குத்தம் பண்ணது நானு.”

“சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். நம்ம இஷ்டத்துக்கு மாத்தி மாத்திக் குடுக்க அது என்னா கத்திரிக்காயா?”

அக்கா மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் முருகன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நகை திருட்டுப் போனாலும், பங்காளி ஏமாற்றினாலும், ஜனங்கள் போலீஸில் கொடுப்பது மாதிரியே தாளில் எழுதி முருகனிடம் புகார் கொடுப்பார்கள். பிராது கட்டுவது என்று பெயர். பெரியவர்கள் கட்டுவதைத்தான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு பி பிரிவு அன்றைக்கு எழுதியது இது:

“முருகனுக்கு வணக்கம். என் தலையில் இருப்பது என் பேன் இல்லை. என் மாமாவின் பேன். மாமா தலையில் பதினாலு இருந்தது. கண் எழுதும் அத்தை சாட்சி. அம்மா தெரியாமல் வேண்டிக்கொண்டார்கள். முடி வேண்டும் என்றால் மாமாவிடம் வாங்கிக்கொள்ளவும். எனக்கு வெள்ளிக்கிழமை கோலாட்டம் இருக்கிறது.”

கீழே பெயரும் ரோல் நம்பரும் போட்டாள். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அக்கா வாங்கிப் படித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“முருகனுக்கே உத்தரவு போடறாளேடா இவ. சரி, கொண்டு போயிக் கட்டுவோம். ஆனா பூ வச்சிக் கேட்டுத்தான் முடிவு. வெள்ளப் பூ வந்தா உன் முடி. செவப்பு வந்தா அவ முடி. அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பிராதைக் கட்டினோம். அக்கா கையில் சிவப்பு அரளிப் பூவும் வெள்ளை நந்தியாவட்டையும் இருந்தன. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக மடிக்க வேண்டும். அக்கா பூவை என் கையில் கொடுத்து, “நீயே மடிடா, எனக்குக் கை நடுங்குது” என்று சொல்லிவிட்டுச் சன்னிதிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் எந்தப் பொறுப்பையும் என்னை நம்பிக் கொடுக்காத அக்கா, அன்றைக்கு அதை ஏன் கொடுத்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். அரளிப் பூ என் சட்டைப்பைக்குள் போனது. அந்த முருகனும் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளைதானே, கண்டுகொள்ளமாட்டார் என்று ஒரு தைரியம்.

அக்கா மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது கைப்பக்கம் இருந்ததை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள்.

“வெள்ள! அம்மா, வெள்ள!”

முடி எடுக்கிறவர் என் கழுத்தைப் பிடித்து வளைத்து, “தம்பி, நல்லா வளந்த முடியாச்சே, மனசு வந்துதா?” என்றார். “முடி மட்டும் இல்லண்ணே, உள்ள குடித்தனமும் இருக்குது, ஒரேயடியா காலி பண்ணிடுங்க” என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் தள்ளி நின்றுகொண்டே சிரைத்தார். சந்தனத்தை அக்கா மகள்தான் பூசினாள். களி பூசினவனுக்குப் பூசுகிறோம் என்று நிதானமாக, காது மடல் வரைக்கும் பூசினாள்.

“கிளேஸ் போட்ட பொம்ம மாரி பளபளன்னு இருக்குது மாமா.”

திங்கட்கிழமை கம்பெனியில் என்னைப் பார்த்ததும் அண்ணி பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி, “வாங்க, பின்மண்டையிலயும் ரெண்டு கண்ணு எழுதி வுடறேன்” என்றார். ஒரு வாரம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. திறக்க யாரும் இடம் கொடுக்கவில்லை. புதன்கிழமை அக்கா மகள் தலையை வாரினோம். அண்ணி வகிடு வகிடாக நாலு முறை இழுத்தார். சாசரில் எண்ணெய்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலும் வாரினோம், வெறும் எண்ணெய்தான்.

விழாவில் எட்டுக் குஞ்சலமும் ஒன்றாகச் சுற்றின. குனிந்து நிமிரும்போது எட்டுத் தலையும் கிட்டக் கிட்ட வந்து போயின. பக்கத்தில் அக்கா மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வரிசையில் ஆடிய அக்கா மகளின் சடைதான் எல்லாவற்றையும்விட நீளம். மற்றச் சடைகள் நின்ற பிறகும் அது மட்டும் அரைச் சுற்று கூடச் சுற்றி அவள் இடுப்பில் வந்து விழுந்தது.

ஆட்டம் முடிந்து, கோலாட்டக் குச்சியோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மாமா, என் சட எப்படிச் சுத்துச்சி? நல்லா இருந்துதா?”

“உன் சடையா? ஐயோ, நான் உன் பக்கத்துல ஆடின புள்ளையோட சடைய இல்ல பாத்துக்கினு இருந்தேன்!”

டக்! மொட்டை மண்டையில் கோலாட்டக் குச்சி விழுந்தால் அத்தனை சுத்தமான சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த அடி விழுவதற்குள் ஓட ஆரம்பித்தேன். மைதானத்தைச் சுற்றி நான், எனக்குப் பின்னால் குச்சியை ஓங்கிக்கொண்டு அவள். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கொடிக்கம்பத்தை வளைந்து ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சடை அவளுக்குப் பின்னால் காற்றில் நேராக நீண்டு பறந்துகொண்டிருந்தது.